வரையப்படாத கால்

2012 நவம்பரில் லண்டனிலுள்ள வெல்கம் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில் மரணத்தைப் பற்றிய ஒரு கண்காட்சி திறக்கப்பட்டது. அங்கே வைக்கப்பட்டிருந்த ஏறக்குறைய முந்நூறு பொருட்களும் ஒரே ஆளுடையவை. அவர் பெயர் ரிச்சர்ட் ஹாரிஸ். சிகாகோ பக்கம் பழைய அச்சுப்படங்களை வாங்கி விற்றுக்கொண்டிருந்த வியாபாரி. வியாபாரத்திலிருந்து ஒதுங்கும் வயதில் மண்டையோடு, எலும்புக்கூடு, கொள்ளைநோய், பிணம் என்று சாவு சம்பந்தப்பட்ட எதைக் கண்டாலும் வாங்க ஆரம்பித்து ஆயிரத்துக்கும் மேல் சேர்த்துவிட்டார். போர்ச் சாவுக்கென்று கண்காட்சியில் தனியாக ஓர் இடம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் ழாக் கலோ செதுக்கிய சிறிய படங்கள், கோயாவின் 'போரின் பேரழிவுகள்', 1924இல் ஓட்டோ டிக்ஸ் வெளியிட்ட போர்ப் படங்கள் எல்லாம் அங்கே வரிசையாக.

நான் லண்டனுக்குப் போகவில்லை. ஜெலாப்பாங்கில் வீட்டுக் கணினியில்தான் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “வெளக்கு வெக்கிற நேரத்துல என்னடா இது, மூடு மொதல்ல” என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் இறந்தவர்களின் படம் இருக்கும், ஆனால் அது அவர்கள் உயிரோடு, தலை சீவி, ஸ்டூடியோவில் நின்ற படம். மாலை மட்டும்தான் சாவைச் சொல்லும். நோயாளியின் படத்தை யாரும் மாட்டுவதில்லை.

இருந்தாலும், ஹாரிஸின் சேகரிப்பைவிட நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் ஒரு சேகரிப்பு உண்டு. அது ஒருவர் காசு கொடுத்துச் சேர்த்ததல்ல. கான்பெராவில் கொஞ்சம், லண்டனில் கொஞ்சம், மெல்பர்னில் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கிறது. சயாம்–பர்மா ரயில் பாதையில் ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்த ஓவியர்கள் வரைந்த நோய்ப் படங்களைச் சொல்கிறேன். பேராக் மாநிலத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த யாரும் இந்தப் பாதையைப் பற்றிக் கேள்விப்படாமல் இருக்க முடியாது. படங்களைப் பற்றித்தான் நம்மில் அதிகம் பேர் கேள்விப்படவில்லை.

ஜாக் சால்க்கர் 1918இல் லண்டனில் பிறந்தவர். ராயல் கலைக் கல்லூரியில் படிக்க இடம் கிடைத்தது, போர் வந்து படிப்பைக் கெடுத்தது. பீரங்கிப் படையில் சேர்ந்து சிங்கப்பூருக்கு வந்து இறங்கிய சில வாரங்களிலேயே, 1942 பிப்ரவரி 15இல், சிங்கப்பூர் விழுந்துவிட்டது. சுட்டதைவிடச் சிறைப்பட்டதுதான் அதிகம். பிறகு சயாமுக்கு அனுப்பப்பட்டார். கொன்யூ முகாமில் அவர் ஒளித்து வரைந்த படங்களை ஒரு காவலாளி கண்டுபிடித்து, அவற்றைக் கிழித்துப்போட்டு அவரையும் அடித்து நொறுக்கினான். தப்பியது சில தாள்கள்தான். அடி ஆறியதும் மறுபடியும் வரைய ஆரம்பித்தார்.

அவர் வரைந்தவற்றில் நான் அதிக நேரம் பார்த்தது கால்களை. சில படங்களில் முகம் கிடையாது, உடம்பு கிடையாது, முழங்காலுக்குக் கீழே ஒரு கால் மட்டும். அதில் ஒரு புண். சயாம் காட்டில் இந்தப் புண் வர பெரிதாக ஒன்றும் தேவையில்லை. மூங்கில் முள் கீறினால் போதும், கல் தெறித்தால் போதும். சோறும் உப்பும் மட்டும் தின்று சத்தில்லாமல் போன உடம்பில் அந்தக் கீறல் சில நாட்களில் அழுக ஆரம்பிக்கும். சதை கரைந்து, தசைநார் வெளியே தெரிந்து, கடைசியில் கணுக்காலுக்கு மேலே எலும்பு வெள்ளையாக நிற்கும். மருந்து இல்லை. கரண்டியின் விளிம்பைத் தீட்டி, அழுகிய சதையை அதனால் சுரண்டி எடுப்பதுதான் வைத்தியம். மயக்க மருந்து பெரும்பாலும் கிடையாது, நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். அதற்கும் அடங்காத காலை வெட்டினார்கள். சுங்காய் முகாமில் ஜேக்கப் மார்க்கோவிட்ஸ் என்ற கனடா நாட்டு அறுவை மருத்துவர் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை எடுத்திருக்கிறார். ரத்தம் ஏற்ற வேண்டுமென்றால், எடுத்த ரத்தத்தைக் கட்டி தட்டாமலிருக்கக் கிண்டிக் கிண்டி, துணியில் வடித்து ஏற்றினார்கள்.

இதையெல்லாம் சால்க்கர் வரைந்தார். புண்ணின் விளிம்பு எந்த நிறம், நடு எந்த நிறம், மூங்கிலில் செய்த செயற்கைக் கால் எப்படி இருக்கும், காலரா நோயாளிக்கு ஏற்ற உப்புநீர் காய்ச்சும் கருவி எப்படி என்று பாடப்புத்தகத்துக்கு வரைவது மாதிரி துல்லியமாக. காரணம், இவற்றில் பலவற்றை வரையச் சொன்னவர்கள் மருத்துவர்கள். ‘வியரி’ டன்லப் என்று எல்லோரும் அழைத்த ஆஸ்திரேலிய மருத்துவர் எட்வர்ட் டன்லப் அவர்களில் முக்கியமானவர். கேமரா வைத்திருந்தால் தலை போய்விடும். ஆகவே ஓவியனின் கைதான் கேமரா. இன்றைக்கு இந்த நோய் எப்படி இருந்தது, நாங்கள் என்ன செய்தோம் என்பதை என்றாவது ஒருநாள் யாரிடமாவது காட்ட வேண்டும் என்று அந்த மருத்துவர்கள் நினைத்திருக்கிறார்கள். கலை என்ற நினைப்பு இரண்டாம்பட்சம்.

ஒளித்துவைத்த கதைகள் தனி. மூங்கில் கணுவுக்குள் சுருட்டி வைத்து மண்ணில் புதைத்தார்கள். அத்தாப்புக் கூரையின் ஓலைகளுக்கு நடுவே செருகினார்கள். கால் இழந்த ஒருவரின் செயற்கைக் காலுக்குள் வைத்தார்கள் என்றும் சொல்கிறார்கள். காலைப் பற்றிய படம் காலுக்குள்ளேயே பயணம் செய்திருக்கிறது. ரொனால்ட் சேர்ல் செய்தது இன்னும் துணிச்சல். பின்னாளில் ‘செயின்ட் டிரினியன்ஸ்’ கேலிச்சித்திரங்களால் உலகப் புகழ் பெற்ற அதே சேர்ல்தான். அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. காலராவில் செத்துக்கொண்டிருந்த கைதிகளின் படுக்கைக்கு அடியில் தன் படங்களை வைத்தார். தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் காவலாளிகள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். அப்படிக் காப்பாற்றிய சுமார் முந்நூறு படங்கள் இப்போது லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சால்க்கரின் படங்களில் பெரும்பகுதி கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில். முகாம் மருத்துவராக இருந்த ஆர்தர் மூன் சேர்த்து வைத்திருந்த படங்கள் மெல்பர்னில் விக்டோரியா மாநில நூலகத்தில். எல்லாவற்றையும் பட்டியலிட்டு, எண் போட்டு, ஒளி படாமல் பாதுகாக்கிறார்கள்.

ஆக, ஒரு புண் படமாகிப் பாதுகாக்கப்பட வேண்டுமென்றால் நிறையப் பேர் வேண்டியிருந்தது. வரையத் தெரிந்த ஒருவன், வரையச் சொல்ல ஒரு டாக்டர், தன் படுக்கைக்கு அடியில் இடம் கொடுக்க ஒரு நோயாளி, எல்லாம் முடிந்து ஊர் திரும்பியதும் ‘கொண்டா’ என்று வாங்கி வைத்துக்கொள்ள ஓர் அரசாங்கம்.

இப்போது எண்களுக்கு வருவோம். 415 கிலோமீட்டர் பாதை. அதில் வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் 60,000க்குச் சற்று மேல். இறந்தவர்கள் ஏறத்தாழ 12,500. ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டி இருந்தார்கள்: பர்மியர், மலாய்க்காரர், சீனர், ஜாவாக்காரர், தமிழர். அவர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் ஏறக்குறைய 78,000, இறந்தவர்கள் சுமார் 30,000 என்கிறது போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் கணக்கு. போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். இந்தக் கணக்கு மிகக் குறைவு என்பது திரும்பி வந்தவர்களின் பேச்சு. தோட்டத்தில் போனவர்களையும் வந்தவர்களையும் விரல் விட்டு எண்ணியவர்கள் அவர்கள்.

எப்படிப் போனார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். 1941 டிசம்பர் கடைசியில் ஈப்போ ஜப்பானியர் கையில் விழுந்தது. துரைமார்கள் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை, பால் வெட்டினால் கூலி இல்லை. அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு. வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு கத்தை கத்தையாக இருந்தும் வாங்கச் சாமான் இல்லை. அந்தச் சமயத்தில்தான் சயாமில் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, மூன்று மாதம், சாப்பாடு இலவசம் என்று சொன்னார்கள். முதலில் நம்பிப் போனார்கள். பிறகு யாரும் போகாதபோது தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு வந்தது. பெயர் எழுத வேண்டியது கிராணியின் வேலை. இலவச சினிமா என்று கூட்டிவைத்துக் கதவை அடைத்து லாரியில் ஏற்றிய கதைகளும் உண்டு. சாமான் ஏற்றும் ரயில் பெட்டியில் அடைத்து பான் போங் வரை, அங்கிருந்து காட்டுக்குள் நாள்கணக்கில் நடை. 1943 மே மாதம் மழை தொடங்கியது, கூடவே காலராவும்.

கைதிகளின் முகாமுக்கும் தமிழர்களின் முகாமுக்கும் நடுவிலிருந்த வித்தியாசம் பட்டினியிலோ அடியிலோ இல்லை, அவை இரண்டும் எல்லோருக்கும் பொது. கைதிகள் ஒரு படையாகப் போனார்கள். அவர்களோடு டாக்டர் போனார், உதவியாளன் போனான், தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்தால் தண்டனை என்று சொல்ல ஓர் அதிகாரி போனார். மலம் கழிக்க எங்கே குழி வெட்டுவது என்று தெரிந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். தமிழர்கள் குடும்பமாகவும் தனித்தனி ஆளாகவும் போனார்கள். பெரட்டில் நின்று பழக்கம் இருந்ததே தவிர அவர்களுக்கென்று டாக்டர் இல்லை. சாவு எல்லை மீறி, வேலை நிற்கும் நிலை வந்த பிறகு 1943 நடுவில் ஜப்பானியர்கள் சாங்கியிலிருந்த கைதிகளில் மருத்துவம் தெரிந்தவர்களைப் பிரித்து ‘கே’, ‘எல்’ என்று இரண்டு குழுக்களாகத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். இரண்டும் சேர்த்துச் சுமார் 350 பேர். லட்சம் பேருக்கு மேல் இருந்த இடத்தில்.

என் தாத்தாவின் அண்ணனுக்கு அந்த 350 பேரில் ஒருவர் வைத்தியம் பார்த்திருக்க வேண்டும். சிம்மோர் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து போனபோது அவருக்கு வயது பத்தொன்பதோ இருபதோ. திரும்பி வந்தது 1946இல். நான் பார்க்கும்போது அவர் கிழவர். தோட்டத்தில் அவருக்குப் பெயர் ‘புண்ணுக்கால்’. புண் ஆறி நாற்பது வருடமாகியிருந்தது, ஆனாலும் பெயர் ஆறவில்லை. இடது காலில், முட்டிக்கும் கணுக்காலுக்கும் நடுவே, ஓர் உள்ளங்கை அளவுக்குச் சதையே இல்லாமல் குழிந்து, தோல் மட்டும் பளபளவென்று எலும்போடு ஒட்டியிருக்கும். சின்னப் பிள்ளைகள் நாங்கள் அதைத் தொட்டுப் பார்ப்போம்.

“சயாமுல வாங்குனது. மூணு மாசம்னானுங்க. மூணு வருசமாச்சு.”

அதற்கு மேல் கேட்டால் ஒன்றிரண்டு வாக்கியம் வரும். “ஒரு வெள்ளக்காரன் வந்து கரண்டிய வச்சி சொரண்டுனான். நான் கத்துனேன். அவன் காலப் பாத்தா அதுலயும் புண்ணு.” இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார். ஏன் சிரித்தார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சால்க்கர் வரைந்த காலைக் கணினித் திரையில் முதல்தடவை பார்த்தபோது, அது யாருடைய கால் என்று எனக்குத் தெரியும் என்று தோன்றியது. அதே இடம், அதே அளவு. நான் குழியாகப் பார்த்தது அங்கே இன்னும் புண்ணாக இருந்தது. யாரோ ஒரு பிரிட்டிஷ்காரரின் கால்தான், சந்தேகமில்லை. ஆனால் பெரிய தாத்தாவின் கால் எப்படி இருந்திருக்கும் என்பதை உலகத்தில் எனக்குக் காட்டக்கூடிய ஒரே படம் அது.

தமிழர்களை ஏன் வரையவில்லை என்று கேட்டால், ‘வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனைத்தான் வரைவான்’ என்று சட்டென்று பதில் வந்துவிடுகிறது. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. சால்க்கரும் சேர்லும் தங்கள் முகாமில் இருந்ததை வரைந்தார்கள். தமிழர் முகாமுக்குள் போய்வர அவர்களுக்கு அனுமதி கிடையாது. கைதிகளின் நாட்குறிப்புகளில் தமிழர்கள் வருகிறார்கள், பரிதாபத்தோடும் சில சமயம் அருவருப்போடும். வழியில் கிடக்கும் பிணமாகவோ, ஒதுங்கி நடக்க வேண்டிய காலரா முகாமாகவோ வருகிறார்கள். பார்த்ததை எழுத ஒரு நொடி போதும். வரைய எதிரில் உட்கார வேண்டும்.

முர்ரே கிரிஃபின் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் அதிகாரபூர்வப் போர் ஓவியர். சிங்கப்பூரில் பிடிபட்டு போர் முடியும்வரை சாங்கியிலேயே இருந்தார். சயாம் பக்கம் அவர் போகவே இல்லை. ஆனால் ரயில் பாதை முகாம்களையும் அங்கே இருந்த மருத்துவமனைக் கொட்டகைகளையும் வரைந்திருக்கிறார். எப்படியென்றால், அங்கிருந்து பாதி உயிராகத் திரும்பியவர்களைக் கேட்டு. எப்படிப் படுத்திருந்தீர்கள், கூரை எந்த உயரம், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டு. அந்தப் படங்களும் கான்பெராவில் நேரில் கண்டு வரைந்த படங்களுக்குச் சமமாக இருக்கின்றன. அதாவது, போகாமலும் வரையலாம். கேட்டால் போதும்.

1945க்குப் பிறகு பேராக் தோட்டங்களில் கேட்பதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். குழிந்த காலோடு பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தார்கள். 1980களில்கூட இருந்தார்கள். யாரும் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் எதிரில் உட்காரவில்லை. இதற்கு வெள்ளைக்காரனைக் குறை சொல்ல முடியாது.

எழுத்தில் நாம் இந்த வேலையைச் செய்திருக்கிறோம். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். மலேசியத் தமிழ் நாவலைப் பற்றிப் பேசுகிற யாரும் இந்த இரண்டையும் தாண்டிப் போக முடியாது. இந்தப் பாதையை வைத்து எழுதி 2014இல் புக்கர் பரிசு வாங்கிய ரிச்சர்ட் ஃபிளனகனின் நாவலில், முகாமில் செத்துப்போன ஒரு கைதியின் படங்கள் புத்தகமாக வருகின்றன, அதற்கு முன்னுரை எழுத வேண்டிய கிழ டாக்டர்தான் நாயகன். ஃபிளனகனுக்கு அப்படி ஒரு கதையைக் கட்ட முடிந்ததற்குக் காரணம், உண்மையிலேயே அப்படிப் படங்கள் இருப்பதுதான். நம் நாவலாசிரியர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்கள் ஒவ்வொரு புண்ணையும் சொல்லால் உண்டாக்க வேண்டியிருந்தது.

ஏன் நம்மிடம் படம் இல்லை? ஏழைகள், படிக்காதவர்கள், பென்சிலுக்கு எங்கே போவார்கள் என்று சொல்லலாம். அதே 1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. செத்துக்கொண்டிருந்தவர்கள் நம்மைவிடப் பணக்காரர்கள் இல்லை. ஆனால் அங்கே ஜைனுல் ஆபிதீன் கல்கத்தா தெருவில் கிடந்தவர்களை மட்டமான தாளில் கறுப்பு மையால் வரைந்தார். சித்தபிரசாத் மிட்னாப்பூர் மாவட்டத்தில் கிராமம் கிராமமாக நடந்து, பார்த்ததை வரைந்து ‘பசித்த வங்காளம்’ என்று சின்னப் புத்தகமாகக் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் அரசு அதன் 5,000 பிரதிகளையும் தேடிப் பிடித்து எரித்தது. தப்பிய ஒரு பிரதியை அவர் குடும்பத்தார் வங்கிப் பெட்டகத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள், 2011இல் தில்லி ஓவியக் கூடமொன்று அதை மறுபதிப்பாக வெளியிட்டது. அங்கே ஒரு கட்சி இருந்தது, பத்திரிகை இருந்தது, ‘போய் வரைந்துகொண்டு வா’ என்று சொல்ல ஆள் இருந்தார்கள்.

நம்மிடமும் அந்த வருடம் ஓர் இயக்கம் இருந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். காலரா உச்சத்தில் இருந்த அதே மழைக்காலம். சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள் தோட்டங்களில் நிறைய உண்டு. அந்தச் சீருடைப் படங்களும், கைதூக்கி நிற்கும் நேதாஜி படமும் இன்றுவரை ஈப்போ வீடுகளில் தொங்குகின்றன. எங்கள் வீட்டிலும் தொங்கியது. நான் நேதாஜியைக் குறை சொல்லவில்லை. ஒரே தோட்டத்திலிருந்து ஒருவன் சிங்கப்பூருக்குப் போனான், ஒருவன் சயாமுக்குப் போனான். சிங்கப்பூருக்குப் போனவன் சட்டம் போட்ட படமானான் என்பதை மட்டும் பார்க்கச் சொல்கிறேன்.

எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், நமக்கு வீரனின் சாவைப் படமாக்கத் தெரியும், நோயாளியின் சாவைத் தெரியாது. நடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியம் கல்லைத் தேடுவதிலிருந்து வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைச் சொல்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் செத்தவன் பெயர் உண்டு, ஆநிரை மீட்கப் போனானா, ஊரைக் காக்க நின்றானா என்ற செய்தி உண்டு, கையில் வில்லோ வாளோ பிடித்த உருவம் உண்டு. சாவைப் பற்றிய கலையை இவ்வளவு முறையாகச் செய்து ஊர் எல்லையில் சேர்த்து வைத்த சமூகம் நாம். ஆனால் வாந்திபேதியில் போனவனுக்குக் கல் கிடையாது. அவனை அவசரமாகப் புதைத்துவிட்டு அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். ஒரே ஒரு விதிவிலக்கு எனக்குத் தெரிந்து காரைக்கால் அம்மையார். சதை வற்றி, மார்பு தொங்கி, எலும்பு எண்ணக்கூடிய உடம்போடு அவரை வெண்கலத்தில் வடித்தார்கள், சாமியாகக் கும்பிட்டார்கள். அப்படிப்பட்ட சிலைகளில் இரண்டு இன்று அமெரிக்காவில், நியூயார்க்கிலும் கான்சாஸ் நகரத்திலும், கண்ணாடிக்குள் இருக்கின்றன. சேகரிப்பவர்களுக்கு எது அரிது என்று தெரிந்திருக்கிறது.

பெரிய தாத்தா 1991இல் இறந்தார். வழக்கம்போல ஈப்போவிலிருந்து ஸ்டூடியோக்காரரை வரவழைத்து, பெட்டியைச் சாய்த்து வைத்து, குடும்பம் சுற்றி நிற்க ஒரு படம் எடுத்தார்கள். இறப்புப் படத்தை மாட்டமாட்டோம், ஆனால் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருப்போம். தோட்டம் விற்று, லயத்தைக் காலி செய்து ஜெலாப்பாங் தாமானுக்கு வந்தபோதும் அது தொலையாமல் வந்து சேர்ந்தது. அதில் அவர் நெற்றியில் ஒரு வெள்ளிக் காசு, கழுத்தில் மாலை, மார்பு வரை புது வேட்டி. கால்கள் முழுக்க மூடியிருக்கின்றன. மூடியது யார் என்று கேட்டேன். “நல்லாவா இருக்கும், அதையும் காட்டிக்கிட்டு?” என்றார் அத்தை. எங்கள் வீட்டில் சயாமைப் பற்றி இருந்த ஒரே ஆவணம் அந்தக் கால்தான்.

காஞ்சனபுரிக்கு ஒருமுறை போயிருந்தேன். ஊர் நடுவே புல் வெட்டிய மயானம், ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் வயதும் இருக்கின்றன. ஆற்றங்கரையில் 1977இல் ஒரு பௌத்த விகாரையார் திறந்த ‘ஜீத்’ அருங்காட்சியகம் இருக்கிறது. மூங்கில் கொட்டகை, கைதிகள் படுத்த மாதிரியே பரண், சுவரில் படங்கள். ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து வைத்த பெயர் அது. மலாயாவின் எழுத்தும் இல்லை, பர்மாவின் எழுத்தும் இல்லை, இந்தியாவின் எழுத்தும் இல்லை. சேர்த்திருந்தால் பெயர் வாயில் நுழையாது என்பது உண்மைதான். அண்மையில் அதே ஊரில் ஒரு பௌத்தக் கோயில் வளாகத்தில் தமிழர்களுக்காக நடுகல் எழுப்பியிருக்கிறார்கள். செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அடுத்தமுறை போகும்போது பார்க்க வேண்டும்.

ஆனால் நான் போயிருந்தபோது தமிழ் எழுத்தைத் தேடி அலைந்து ஓரிடத்தில்தான் கண்டேன். பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பானிய ராணுவம் எழுப்பிய நினைவுத் தூண். பாதை வேலையில் இறந்தவர்களுக்காக என்று பல மொழிகளில் பலகைகள் பதித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று தமிழ். 1944இல் கட்டியது. தமிழ் தெரிந்த யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அவரும் அங்கே வேலைக்கு இருந்தவராகத்தான் இருப்பார். அந்தப் பலகையைப் பதித்த நாட்களில் பெரிய தாத்தா இன்னும் சயாமில்தான் இருந்தார். கால் ஆறவில்லை.